இல்-பிசாருக்கு மாதாவைக் கொண்டுபோன கதை

எங்கள் பெண்கள் நிலையத்தில் இனிமேல் தொலைபேசிக்குப் பதிலாகக் கணினியில் எழுதி உதவி கேட்கும் ஏற்பாடு வரப்போகிறதாம். நல்ல விஷயம்தான். பக்கத்து அறையில் புருஷன் இருக்கும்போது வாய் திறக்காமல் விரலாலேயே உதவி கேட்கலாம் என்றால், அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்காக என்னைக் கூப்பிட்டு, "அன்ரி, உங்கட அனுபவத்தை ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோ. புள்ளி புள்ளியாப் போட்டா வடிவாயிருக்கும்" என்று கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புள்ளி வைக்க நான் என்ன கோலமா போட்டுக்கொண்டிருந்தேன் இவ்வளவு காலமும்?

கேட்டவள் அபி. இங்கே மொன்றியலிலேயே பிறந்த பிள்ளை. கோபம் வந்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள். ஆனால் எங்கள் பெண்களோடு தட்டுத்தடுமாறித் தமிழில்தான் கதைப்பாள், அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். அவளே இன்னொன்றும் கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் ஃபெமினிஸ்ற் எண்டுதானே சொல்லுறீங்கள்? பேந்தென்னத்துக்கு எப்ப பார்த்தாலும் செபமாலை, மாதா எண்டு திரிஞ்சனீங்கள்?"

"அதுக்குப் பதில் ஒரு பக்கத்துக்குள்ள அடங்காது பிள்ளை" என்றேன். அந்தப் பதில்தான் இது. பெருமை அடிக்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைப்படுகிற மாதிரி வேலை செய்தவள் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது?

மொன்றியலுக்கு வந்த புதிதில் சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலை செய்தேன். மதியச் சாப்பாட்டு மேசையில் ஹெய்ட்டிப் பெண், பிலிப்பீன்ஸ் பெண், வங்காளப் பெண், நான். எல்லாருடைய பெட்டியிலும் சோறுதான் இருந்தது, அதிலேயே சிநேகிதம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் வங்காளப் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் சாப்பாட்டு அறைக்கு ஜன்னலே கிடையாது. எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. எல்லாரும் அவரவர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெய்ட்டிப் பெண் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சில்தான். எனக்கு அது இப்போது எங்கள் தமிழாகத்தான் ஞாபகம் வருகிறது.

"உன்ர கண்ணைப் பற்றி நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. ஆனா இண்டைக்கு வேலை முடிய உன்னோட பஸ்சில நாங்கள் எல்லாரும் வாறம்."

போனோம். அன்றைக்கு மட்டுமல்ல, தொடர்ந்து போனோம். பஸ் தரிப்பில் காத்து நின்ற அவளுடைய புருஷன், அவளுக்குப் பின்னால் நாங்கள் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தான். நாங்கள் "bonjour" சொன்னோம். வேறு ஒன்றுமே செய்யவில்லை. ஆனாலும் அந்த மனிதனுக்கு அது போதுமானதாக இருந்தது, கொஞ்சக் காலத்துக்காவது.

அந்த ஹெய்ட்டிப் பெண்தான் சொலாஞ். பிறகு ஒரு டெப்பனருக்கு, அதுதான் இங்கத்தை மூலைக்கடைக்கு, மேல்மாடியில், கீழே பால் பெட்டியும் பியர்ப் பெட்டியும் இறக்குகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கிற இரண்டு அறைகளில், அவர் பெண்கள் நிலையத்தைத் தொடங்கினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சட்டம், பிரெஞ்சு, காப்பகங்களின் ஒழுங்குகள் எல்லாம் விழுந்தெழும்பிப் படித்ததைச் சொல்லி உங்களைக் களைக்க வைக்கப் போவதில்லை. சொலாஞ் எங்களைப் பழக்கிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுத்தான் வேலைக்கு வருவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசையைத் துடைப்பார். மேசை பளபளவென்று இருந்தால் அன்றைக்கு யாரோ வாங்கிக் கட்டப்போகிறோம் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். அவர் முதன்முதலில் என்னிடம் கண்டுபிடித்த குறை, நான் உச்சுக் கொட்டுவது. எங்கள் ஆட்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. யாராவது கஷ்டம் சொன்னால் நாக்கு தானாகவே "த்சு, த்சு" என்றுவிடும்.

"பிலோமினா, உந்தச் சத்தத்தை நிப்பாட்டு" என்றார். "அங்கால இருக்கிறவ தைரியத்தைத் திரட்டி ஒரு வசனம் சொல்லுறா. நீ த்சு எண்டா, தான் பாவப்பட்டவ எண்டு அவவுக்கு விளங்கிப்போடும். பேந்து அடுத்த வசனம் வராது."

எவ்வளவு முயன்றும் என் நாக்கு கேட்கவில்லை. கடைசியில் சொலாஞ் ஒரு கண்ணாடிப் போத்தல் நிறைய மின்ட் வாங்கித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார். மணி அடித்தால் முதலில் ஒரு மின்ட்டை வாயில் போட்டு நாக்கின் கீழே அடக்க வேண்டும், பிறகுதான் போனை எடுக்க வேண்டும். வாயில் இனிப்பு இருந்தால் உச்சுக் கொட்ட வராது. செய்து பாருங்கள்! எங்கள் நிலையத்துத் தமிழ்ப் பெண்கள், வங்காளப் பெண்கள் எல்லாரும் இந்த மின்ட்டில்தான் வேலை பழகினோம்.

போனில் கதைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. முதல் கேள்வி, "இப்ப கதைக்கலாமோ?" பிறகு எல்லாமே ஓம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள்தான். "ஏன் இன்னும் அங்க இருக்கிறீர்?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் மேசை பளபளக்கும். நாங்கள் திருப்பி எடுக்கும்போது புருஷன் போனைத் தூக்கிவிட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு சமூகத்துப் பெண்களும் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தமிழ் ஆட்களுக்கு நான் கண்டுபிடித்தது பிளவுஸ்.

"வணக்கம் தம்பி, நான் பிளவுஸ் தைக்கிற அக்கா. கழுத்து அளவு ஒருக்காக் கேக்க வேணும்."

பிளவுஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் எந்த ஆம்பிளையும் சூடு கண்ட மாதிரிப் போனை மனைவியின் கையில் கொடுத்துவிடுவான். அதற்குப் பிறகு கை இறுக்கமாயிருக்கோ என்று கேட்டால், அவன் பக்கத்தில் நிற்கிறானோ என்று அர்த்தம். தையல் பிரிந்துவிட்டது என்று அவள் சொன்னால் அடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நான் வாழ்க்கையில் ஒரு பொத்தான்கூட ஒழுங்காகத் தைத்தவளில்லை. ஆனால் மொன்றியலில் அரைவாசித் தமிழ் ஆம்பிளைகள் என்னை நல்ல தையற்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொலாஞ் அடிக்கடி சொல்வார்: "பூட்டின வீடு எண்டு ஒண்டு இல்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் உள்ள போக ஒரு கதவு இருக்கு. எங்கட ஆக்களுக்குத் தலை பின்னுற கடை. பிலிப்பீன்ஸ் ஆக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா. உங்கட ஆக்களுக்கு என்னெண்டு நீதான் சொல்ல வேணும்."

நான் யோசிக்கவே இல்லை. "மாதா" என்றேன்.

யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கருக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மே மாதம் மாதாவின் வணக்க மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் சில நாள் தங்கும். பங்கு மக்கள் அங்கே போய்ச் செபமாலை சொல்லித் தேத்தண்ணி குடிப்பார்கள். பிறகு அந்த வீட்டுக்காரி தன் கையாலேயே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுக்காரியின் கையில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஆட்களே வரக்கூடாது என்று சட்டம் போட்ட ஆம்பிளைகூட மாதாவுக்குக் கதவைப் பூட்ட மாட்டான். பூட்டினால் ஞாயிறு பூசைக்கு எந்த முகத்தோடு வருவது? அதனால் நானும் நிலையத்தில் வேலை பழகிய எங்கள் கூட்டத்துப் பெண்களும் ஒவ்வொரு மே மாதமும் மாதாவோடு வீடு வீடாகப் போனோம். மற்றவர்கள் முன்னறையில் செபம் சொல்ல, எங்களில் ஒருத்தி குசினியில் தேத்தண்ணி ஊற்ற உதவி செய்வாள். எத்தனையோ பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே எங்களிடம் வாய் திறந்திருக்கிறார்கள்.

அப்படி ஒருத்திதான் டிலானி. பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன், அவளுடைய சம்மதத்தோடு.

அவளுடைய புருஷன் அல்பேட் எங்கள் பூசையில் பாட்டு நடத்துகிறவன். தேன் குரல் என்பார்களே, அதுதான். மொன்றியலுக்குப் பக்கத்துத் தீவான இல்-பிசாரில் தனி வீடு, பின்னால் மரங்கள், பஸ் என்றால் எப்போதாவது ஒன்று. நல்ல இடம் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஊரிலிருந்து அவனுடைய ஸ்பொன்சரில் வந்த டிலானிக்கோ அக்கம்பக்கத்தில் ஒரு தமிழ்க் குரல்கூட இல்லை.

அவளுக்கு அடி விழுகிறது என்ற செய்தி முதலில் போனது எங்களிடம் இல்லை, மாதர் சங்கத்துத் தலைவியிடம். அவரை எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினவர். குரலில் இன்னும் பிரம்பு இருந்தது. ரீச்சர் எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார். இருவரையும் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுப் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்திச் சமாதானம் பேசினார். அடித்தவனுக்குப் பக்கத்தில் இருத்திவைத்து, அவள் வாயாலேயே நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவன் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டான். பற்றீஸ், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு, வெளியில் சொன்னதற்கும் சேர்த்து வாங்கினாள். எங்கள் ஆட்களின் சமாதானம் எத்தனை பெண்களின் எலும்பை முறித்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகுதான் டிலானி எங்களைக் கூப்பிட்டாள். நான் மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"வெளியில வர ஏலுமோ?"

"இல்லை அக்கா."

"கதவு பூட்டியிருக்கோ?"

"இல்லை. என்ர கோட்டும் சப்பாத்தும் அவற்ற காருக்குள்ள. வேலைக்குப் போகேக்க கொண்டு போயிடுவார்."

வெளியே பனி முழங்காலுக்கு இருந்தது. மொன்றியல் குளிரில் ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைக்கப் பூட்டே தேவையில்லை என்று அவன் கண்டுபிடித்திருந்தான். மின்ட்டைக் கடித்து நொறுக்கினேன், ஆனால் சத்தம் காட்டவில்லை.

பொலிஸைக் கூப்பிடுவோமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள். ஊரில் சீருடையைக் கண்டு ஓடி வளர்ந்தவளுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அது சொலாஞ்சின் கட்டளை.

"என்னைத் திருப்பி ஊருக்கு அனுப்பிப் போடுவாராம் அக்கா. பிள்ளையை வைச்சிருப்பாராம்."

"அனுப்ப அவரால ஏலாது. உமக்கு நிரந்தர வதிவிடம் கிடைச்சிட்டுது. ஸ்பொன்சர் பண்ணினவர் நினைச்ச மாதிரி அதைப் பிடுங்க ஏலாது."

"பிள்ளை?"

அதுதான் கேள்வி. பனி கரைந்து சப்பாத்து தேவைப்படாத காலம் வந்ததும் அல்பேட் வேறு வழி பிடித்தான். மகள் ஜெனியை அவனே காலையில் காரில் ஏற்றிப்போய், சென்ட் லோரன்ட்டில் தன் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் நடத்தும் கார்டறியில், பிள்ளை பராமரிக்கிற இடத்தில் விட்டு, பின்னேரம் அவனே கூட்டிவந்தான். பகல் முழுக்க டிலானி எங்கே வேண்டுமானாலும் போகலாம், பிள்ளை இல்லாமல். தாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கிற நேரமெல்லாம் அவனும் வீட்டில் இருந்தான். அவர்களை எடுப்பதென்றால் அவனுடைய கண்ணுக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். நான் யோசித்து யோசித்து மண்டை காய்ந்தேன்.

மே மாதம் வந்தது. மாதா தன் வீட்டுக்கும் வர வேண்டும் என்று அல்பேட்டே ரீச்சரிடம் பெயர் கொடுத்தான். கொடுக்காமல் விடுவானா? பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வைத்து, பட்டு விரித்துப் பீடம் கட்டி, அவனே பாட்டும் பாடினான். முன்னறையில் நின்ற பெண்கள் உருகிப்போனார்கள். குசினியில் நானும் டிலானியும். அவள் பாலைக் காய்ச்சிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, மாதா இஞ்சயிருந்து வெளிக்கிடேக்க நான்தானே தூக்கிக்கொண்டு போக வேணும்?"

"ஓம்."

"அப்ப, ஜெனியும் என்னோட வந்தா?"

இவ்வளவு நாளும் நான் தேடிய கதவை அவளே கண்டுபிடித்துவிட்டாள். பதில் சொல்ல வாயெடுக்கையில் ரீச்சர் சுடுதண்ணி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். டிலானி திடுக்கிட்டு மேல் தட்டிலிருந்த ஏலக்காய் டப்பாவை எட்டி எடுத்தாள். நீளச் சட்டைக் கை முழங்கை வரை வழுகி, கன்றிய கை தெரிந்தது. ரீச்சர் பார்த்தார். நானும் பார்த்தேன். ரீச்சர் அவளுடைய கையிலிருந்த டப்பாவை வாங்கி, சட்டைக் கையை மெல்ல இழுத்துவிட்டு, சுடுதண்ணியை எடுத்துக்கொண்டு போனார்.

ரீச்சர் கேட்டுவிட்டாரா? கேட்டிருந்தால் மறுபடி ஒரு சமாதானக் கூட்டம் கூட்டினாலும் கூட்டுவார் என்று பயந்தேன்.

நிலையத்துக்கு வந்து சொலாஞ்சிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது அவவின்ர யோசனையோ, உன்ர யோசனையோ?"

"அவவின்ர."

"அப்ப செய்வம்." பிறகு துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார். கோபம் இல்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பயம் வந்தாலும் துடைப்பார் என்று அன்றைக்குத்தான் கண்டேன். "பிலோமினா, அந்த ஆள் பிள்ளையைத் தன்ர காரில ஏத்தினா என்ன செய்வாய்?"

நான் அடுத்த வீட்டு ஒழுங்கைப் பார்க்க எழும்பினேன்.

அடுத்த வீடு பாலத்துக்கு அங்கால் கர்க்லாண்டில் எங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தியின் வீடாக இருக்கும்படி ஒழுங்கு செய்ய வேண்டும். வீடுகளின் வரிசையை முடிவு செய்கிறவர் ரீச்சர். நான் போய்க் கேட்டதும் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "கர்க்லாண்டோ? சரி, போகட்டும்" என்றார், அவ்வளவுதான். அன்று பின்னேரமே நான் இல்-பிசாருக்குப் போன் எடுத்தேன். அல்பேட் எடுத்தான், பிளவுஸ் என்றதும் கொடுத்தான்.

"தங்கச்சி, சனிக்கிழமைக்குத்தானே பிளவுஸ்?"

"ஓம் அக்கா. சனிக்கிழமை போட்டே தீருவன்."

சனிக்கிழமை பின்னேரம் பிலிப்பீன்ஸ் மரிசெல் பெரிய வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசைச் சிநேகிதி, தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு பக்தியாக உட்கார்ந்திருந்தாள். ரீச்சர் முன் சீற்றில், பின்னால் நாங்கள். வீட்டில் கடைசிச் செபம் முடிந்தது. டிலானி நல்ல சேலை கட்டி, மாதாவைப் பட்டோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துத் தூக்கினாள். ஜெனி தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலுக்கு வந்தாயிற்று. அப்போதுதான் அல்பேட் பிள்ளையின் கையைப் பிடித்தான்.

"ஜெனி என்ர காரில வரட்டும். நான் ஸ்பீக்கரையும் ஏத்திக்கொண்டு பின்னால வாறன்."

டிலானி நின்றுவிட்டாள். இன்னும் ஒரு கணத்தில் அவள் மாதாவைத் திரும்பவும் பீடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளையை விட்டுவிட்டு அவள் வர மாட்டாள்.

"அல்பேட்!" ரீச்சரின் குரல். பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி எல்லாரும் நிமிர்ந்தோம். "என்ன செய்யிறீர்? பிள்ளையெல்லோ மாதாவுக்கு முன்னால மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு போக வேணும். வீட்டுப் பிள்ளை முன்னுக்கு, தாய் மாதாவோட பின்னுக்கு. முறை தெரியாதோ உமக்கு?"

"அப்பிடி ஒரு முறை நான் கேள்விப்படேல்லையே ரீச்சர்."

"நீர் கேள்விப்படாதது கனக்க இருக்கு. மன்னாரில நாங்கள் அந்தக் காலந்தொட்டு அப்பிடித்தான் செய்யிறனாங்கள்." சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து ஜெனியின் கையில் வைத்தார். "ஸ்பீக்கர் கிடக்கட்டும். நீர் போய்ப் பாதரை ஏத்திக்கொண்டு வாரும். பாட்டுக்காரர் நேரில போய்க் கூப்பிட்டாத்தானே மரியாதை? கெதியாப் போம், அவரைக் காக்க வைக்காதையும்."

எத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! மாதாவுக்கு முன்னால் அவன் என்ன சொல்வான்? பிள்ளையின் கையை விட்டான். ஜெனி மெழுகுதிரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். டிலானி பின்னால் போனாள். வானின் கதவைத் திறந்து பிடித்தவனே அல்பேட்தான்.

மரிசெல் பாலத்தைத் தாண்டினாள். பிறகு நான் முன்னுக்குக் குனிந்து கேட்டேன். "ரீச்சர், நானும் உங்கட பக்கத்து ஆள்தான். இப்பிடி ஒரு முறை எனக்கும் தெரியாதே?"

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்" என்றார் ரீச்சர், ரோட்டைப் பார்த்தபடி. பிறகு, "நான்தானே அவவைத் திருப்பி அந்த வீட்டுக்கு அனுப்பினனான்" என்றார். உடனே செபமாலையை எடுத்துத் தொடங்கிவிட்டார். நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

கர்க்லாண்ட் வீட்டு வாசலில் சொலாஞ் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு நின்றார். அவருடைய கார் தயாராக நின்றது. காப்பகத்தில் இடம், காலையில் சந்திக்க வழக்கறிஞர், எல்லாம் பேசி முடித்திருந்தார். டிலானி முறைப்படி மாதாவை அந்த வீட்டுக்காரியின் கையில் கொடுத்து, முழந்தாளிட்டுக் கும்பிட்டாள். பிறகு எழும்பிச் சொலாஞ்சிடம் வந்தாள். என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒரு சப்பாத்து. பனிக்குப் போடுறது" என்றாள் டிலானி.

வெளியே மே மாத வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்ததும் சொலாஞ்சின் வாயிலிருந்து "த்சு" என்று ஒரு சத்தம் வந்தது. அசல் எங்கள் சத்தம். அவரே திடுக்கிட்டுப்போனார். நான் கைப்பையைத் திறந்து, அவருக்கு ஒரு மின்ட் நீட்டினேன். கண் கலங்கியபடியே சிரித்துக்கொண்டு வாங்கி வாயில் போட்டார். கார் திரும்பிப் போகிறபோது ஜெனி மெழுகுதிரியை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அல்பேட் பாதரோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் செபமாலையின் நடுவில் இருந்தோம். முன்னறை நிறையப் பெண்கள். அவன் ஒவ்வொரு முகமாகத் தேடினான். "டிலானி எங்க? பிள்ளை எங்க?"

ரீச்சர் முழந்தாளில் இருந்து எழும்பினார். "போயிட்டா."

"எங்க போனவ? ஆர் அனுப்பினது?"

நான்தான் என்று சொல்ல எழும்பினேன். ரீச்சர் என்னைக் கையால் மறித்தார்.

"நாங்கள்" என்றார். "நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அனுப்பினனாங்கள்."

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. எங்கள் திட்டத்தில் சேராத பெண்கள், அவனுடைய பாட்டில் உருகிய அதே பெண்கள், ஒவ்வொருவராகச் செபமாலையைக் கையில் பிடித்தபடி எழும்பி நின்றார்கள். மரிசெலும், என்ன பேசினார்கள் என்று விளங்காமலே, எழும்பி நின்றாள். எனக்கு அந்தப் பழைய பஸ் தரிப்புத்தான் நினைவில் வந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு.

அவன் கத்தினான். பிள்ளையைக் கடத்திவிட்டோம், வழக்குப் போடுவேன் என்றான். போட்டான், அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொன்னோம். பாதர் பாவம், தான் வருவதாக யாருக்குமே சொல்லவில்லையே என்று விழித்துக்கொண்டு நின்றார். பிறகு சுற்றிவரப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார், போய்ப் பெண்களுக்கு நடுவில் முழந்தாளிட்டார்.

"செபமாலை முடியேல்லை, அல்பேட்" என்றார் ரீச்சர். "ஒண்டில் முழந்தாளிடும், இல்லாட்டி வெளியில போம்."

வெளியில் போனான். அதற்குப் பிறகு எங்கள் பூசையில் அவன் பாடவில்லை. கோயில் மண்டபத்தில் சமாதானக் கூட்டமும் அதோடு நின்றது. யாராவது கேட்டுவந்தால் ரீச்சரே எங்கள் நிலையத்தின் நம்பரைக் கொடுத்து, "பிளவுஸ் தைக்கிற பிலோமினாவோட கதையும்" என்பார்.

டிலானிக்கு லேசாக ஒன்றும் கிடைக்கவில்லை. காப்பகம், சின்ன வாடகை வீடு, வழக்கு, பிரெஞ்சு வகுப்பு என்று வருஷக்கணக்காக ஓடினாள். இப்போது மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். இல்-பிசார்ப் பாதை கிடைத்தபோது வேண்டாமென்று சொல்வாள் என்று நினைத்தேன். "ஏன் அக்கா? அந்த ரோட்டில எனக்கு ஒரு பஸ் கிடைக்கேல்லை. இப்ப நானே ஓட்டுறன்" என்றாள்.

ரீச்சர் இன்று இல்லை. சொலாஞ் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், வெள்ளைச் சட்டை இன்னும் மடிப்புக் கலையவில்லை.

போன மே மாதம் சென்ட் லோரன்ட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு மாதாவைக் கொண்டுபோனோம். அபியும் பார்க்க வேண்டும் என்று என்னோடு வந்திருந்தாள். முன்னால் ஒரு சின்னப் பெண் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு, பின்னால் தாய் மாதாவோடு. எங்கள் பங்கில் அன்றிலிருந்து இப்படித்தான் போகிறது, ஒரு வீட்டிலும் தவறியதில்லை. வாசலில் நின்ற இளம் தகப்பன் பக்கத்து வீட்டுக் கியூபெக்காரருக்குப் பிரெஞ்சில் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான்.

"பிள்ளை முன்னுக்குப் போறது எங்கட மன்னார் முறை எண்டு சொல்லுறன் அன்ரி. பரம்பரை பரம்பரையா வாறது, என்ன?"

அபி என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கேள்விக்குப் பதிலாக, அதற்கு முதல் வாரம்தான் இந்தக் கதையை வாயால் சொல்லியிருந்தேன். சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கைப்பையிலிருந்து ஒரு மின்ட் எடுத்து அவளுடைய கையில் வைத்தேன்.

"ஓம் தம்பி" என்றேன். "தாய் வெளிக்கிட்டா பிள்ளையும் கூடப் போக வேணும். அதுதான் எங்கட முறை."